ஊர் ஆசைப்படுவது வேறு. ஊருக்குத் தேவைப்படுவது வேறு!

ஒரு மகாராணி. அவருக்கு ஒரு கணவர். இருவருக்கும் ஓய்வு நேரத்தில் படம் போடுவதில் ஆசை.

அந்த மகாராணி யார் தெரியுமா? விக்டோரியா மகாராணிதான்! கணவர், ஆல்பர்ட் இளவரசர்.

செப்புத் தகட்டின்மேல் ஊசியால் கீறிப் படம் வரைவார்கள். பிறகு தகட்டில் மை பூசி, காகிதத்தில் ஒற்றி எடுப்பார்கள். பெற்ற பிள்ளைகளின் முகம், வீட்டில் வளர்த்த நாய், இவைதான் அந்தப் படங்கள். விற்பதற்காக வரையவில்லை. ஊருக்குக் காட்டுவதற்காகவும் வரையவில்லை. வேண்டியவர்களுக்கு ஒன்றிரண்டு பிரதி கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

சில தகடுகளை வின்ட்சர் நகரில் இருந்த ஓர் அச்சுக்காரரிடம் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒருவர், கேட்ட பிரதிகளுக்கு மேல் சில பிரதிகளைத் திருட்டுத்தனமாக எடுத்து வைத்துக்கொண்டார். அவை கை மாறின. கடைசியில், "அரண்மனைப் படங்களைக் கண்காட்சி வைத்தால் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்களே!" என்று கணக்குப் போட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஸ்டிரேஞ்ச் என்ற பதிப்பாளர், படங்களை விவரிக்கும் பட்டியல் புத்தகத்தையும் தயார் செய்துவிட்டார்.

இளவரசர் என்ன செய்தார்? சாதாரணக் குடிமகனைப் போலக் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு மேல் கோர்ட்டு வரை சென்றது. 1849-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. படங்களை மட்டும் அல்ல, பட்டியல் புத்தகத்தைக்கூட வெளியிடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார் நீதிபதி.

படங்களில் ரகசியம் ஏதாவது இருந்ததா? ஒன்றும் இல்லை. பிள்ளையும் நாயும்தான்! ஆனால் வீட்டுக்குள் இருப்பதை வெளியே காட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், வியாபாரி அல்ல. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு வந்து 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் சண்டை இன்னும் ஓயவில்லை. நடிகர், நடிகை, விளையாட்டு வீரர், பணக்காரர் ஆகியோரின் வீட்டு விஷயங்களை எந்த அளவுக்கு எழுதலாம்? எதைத் தடுக்கலாம்? இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பொய்யும் மெய்யும்

"மானநஷ்ட வழக்கு" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் பொய்யான செய்தி வருகிறது. அவர் பெயர் கெடுகிறது. உடனே அவர் வழக்குப் போடுகிறார். "நான் எழுதியது உண்மைதான்" என்று பத்திரிகை நிரூபித்துவிட்டால், பெரும்பாலும் வழக்கு அதோடு முடிந்துவிடும்.

அந்தரங்க வழக்கு அப்படி அல்ல. இங்கே செய்தி உண்மையாகவே இருக்கலாம். "உண்மைதான், ஆனால் அது என் சொந்த விஷயம். ஊருக்கு எதற்கு?" என்று கேட்பதுதான் இந்த வழக்கு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெயர் கெட்டால், நஷ்டஈடு வாங்கலாம். மறுப்பு வெளியிடச் சொல்லலாம். கெட்ட பெயர் ஓரளவு நீங்கும். அந்தரங்கம் வெளியே வந்துவிட்டால்? கறந்த பால் காம்பில் ஏறுமா? ஆகவேதான், அச்சாகும் முன்பே கோர்ட்டுக்கு ஓடி, "வெளியிடக் கூடாது" என்று தடை உத்தரவு கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் மனித உரிமைச் சட்டம் 2000-ம் ஆண்டில் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொருவரின் குடும்ப வாழ்க்கைக்கும் அந்தரங்கத்துக்கும் பாதுகாப்பு. மற்றொன்று, பேச்சுரிமை, எழுத்துரிமை.

இரண்டில் எது பெரிது? எதுவும் பெரிது அல்ல. இரண்டும் சமம். தராசின் ஒரு தட்டில் ஒன்று. மறு தட்டில் மற்றொன்று. வழக்குக்கு வழக்கு நீதிபதி நிறுத்துப் பார்க்க வேண்டும். அப்போது அவர் கேட்கும் கேள்வி, "இந்தச் செய்தியால் பொதுநலன் உண்டா?" என்பதுதான்.

பொதுநலன் என்றால் என்ன? அந்த நாட்டுப் பத்திரிகைகள் தாங்களே எழுதி வைத்திருக்கும் நடத்தை விதியில் விளக்கம் இருக்கிறது. குற்றத்தை அம்பலப்படுத்துவது பொதுநலன். மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காப்பது பொதுநலன். ஒருவர் சொல்லாலோ செயலாலோ மக்களை ஏமாற்றும்போது அதைத் தடுப்பதும் பொதுநலன்.

படிக்க ருசியாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை!

ஒரே செய்தி, இரண்டு பாதி

நவோமி கேம்பல் உலகப் புகழ் பெற்ற அழகி. புதுப்புது உடைகளை அணிந்து மேடையில் நடந்து காட்டுவது அவர் தொழில். "நான் போதை மருந்தைத் தொடுவதில்லை" என்று அவர் பகிரங்கமாகச் சொல்லி வந்தார்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி, லண்டன் 'டெய்லி மிர்ரர்' பத்திரிகை முதல் பக்கத்தில் அவரைப் பற்றிச் செய்தி போட்டது. அவருக்குப் போதைப் பழக்கம் உண்டு. அதிலிருந்து விடுபடச் சிகிச்சைக் கூட்டங்களுக்குப் போகிறார் என்பது செய்தி. ஒரு கூட்டம் முடிந்து அவர் தெருவில் நிற்கும் படமும் வந்தது. அவருக்குத் தெரியாமல் மறைந்திருந்து எடுத்த படம்!

நவோமி வழக்குப் போட்டார். முதல் கோர்ட்டில் ஜெயித்தார். அடுத்த கோர்ட்டில் தோற்றார். 2004-ம் ஆண்டு மே மாதம், பிரபுக்கள் சபையின் 5 நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். 3 பேர் நவோமி பக்கம். 2 பேர் பத்திரிகையின் பக்கம்.

அவர்கள் எப்படி நிறுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நவோமி போதை மருந்து சாப்பிட்டதை எழுதியது சரிதான். ஏன்? "தொடுவதில்லை" என்று அவரே ஊரிடம் பொய் சொல்லியிருக்கிறாரே! அந்தப் பொய்யைத் திருத்தப் பத்திரிகைக்கு உரிமை உண்டு.

ஆனால் எந்தச் சிகிச்சை? எந்த இடம்? எத்தனை தடவை போனார்? வாசலில் நிற்கும் படம் எதற்கு? இவை அவரது வைத்திய விஷயங்கள். நோயாளி குணமாகப் போகும் வாசலில் காமிராவுடன் காத்திருந்தால், அவர் மறுபடி அங்கே போவாரா? ஆகவே அந்தப் பாதி தவறு என்று தீர்ப்பு வந்தது.

நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 3 ஆயிரத்து 500 பவுன். ஆனால் பத்திரிகையிடம் கேட்கப்பட்ட வக்கீல் செலவோ 10 லட்சம் பவுனுக்கு மேல்! அந்தச் செலவைப் பற்றியே பிறகு ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரை தனியாக ஒரு வழக்கு நடந்தது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தரங்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பூட்டு வாங்கப் பணம் வேண்டியிருக்கிறது!

ஊரே பேசிய ரகசியம்

2011-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், பிரபல கால்பந்து வீரர் ஒருவர் தடை உத்தரவு வாங்கினார். தம் சொந்த வாழ்க்கையைப் பற்றிய செய்தியில் தம் பெயர் வரக் கூடாது என்பது அவர் கோரிக்கை. பத்திரிகைகள் அடங்கின. ஆனால் டுவிட்டரில் எழுதியவர்கள் அடங்கவில்லை. ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, பெயர் பரவிவிட்டது.

மே 23-ந்தேதி, பார்லிமெண்டில் ஓர் உறுப்பினர் எழுந்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். "சுமார் 75 ஆயிரம் பேர் டுவிட்டரில் எழுதிவிட்டார்கள். இத்தனை பேரையும் ஜெயிலில் போட முடியுமா?" என்பது அவர் வாதம். பார்லிமெண்டில் பேசுவதற்காக உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. பூட்டு உடைந்தது.

பிறகு அந்த வீரரே தம் பெயரை வெளியிட ஆட்சேபம் இல்லை என்று விட்டுவிட்டார். ஆனாலும் அந்தப் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவை இல்லை. அது தெரியாமல் போவதால் உங்களுக்கு ஏதாவது நஷ்டமா, சொல்லுங்கள்?

"ஊருக்கே தெரிந்த பிறகு தடை எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2016-ம் ஆண்டில் இதே கேள்வி இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. புகழ் பெற்ற ஒருவரின் வழக்கு அது. அமெரிக்காவில் ஒரு பத்திரிகை அவர் பெயரை அச்சிட்டுவிட்டது. ஸ்காட்லாந்திலும் வெளியாகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் தடை.

5 நீதிபதிகளில் 4 பேர், "தடை தொடரட்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் யோசிக்க வேண்டியது. அந்தரங்கம் என்பது வெறும் ரகசியம் அல்ல. தெரிந்த விஷயத்தையே தினமும் கொட்டை எழுத்தில் போட்டு, வாசலில் கூட்டம் கூட்டினால் அதுவும் உபத்திரவம்தான். அந்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் எந்த வம்பிலும் சேராதவர்கள். பெரியவர்கள் செய்த காரியத்துக்காகக் குழந்தைகள் ஏன் தலை குனிய வேண்டும்?

மறுத்த ஒரு நீதிபதியின் பக்கமும் நியாயம் உண்டு. எல்லோரும் அறிந்துவிட்ட ஒன்றைக் கோர்ட்டு கட்டிக் காப்பதில் அர்த்தம் இல்லை என்பது அவர் கட்சி. இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

விஷக் கழிவும் வாய்ப்பூட்டும்

இதுவரை படித்ததைப் பார்த்தால், "தடை உத்தரவு நல்லதுதானே!" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே பூட்டு வேறோர் இடத்தில் என்ன செய்தது என்று கேளுங்கள்.

ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்று ஒரு நாடு. அதன் பெரிய நகரம் அபிஜான். 2006-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'ப்ரோபோ கோலா' என்ற கப்பல் அங்கே வந்தது. டிராபிகுரா என்ற எண்ணெய் வியாபாரக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த கப்பல். அதில் சுமார் 500 டன் கழிவு இருந்தது. ஓர் உள்ளூர்க் காண்டிராக்டர் அந்தக் கழிவை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய், நகரத்தைச் சுற்றிப் பல இடங்களில் கொட்டிவிட்டார்.

நாற்றம் ஊரையே தூக்கியது. மூச்சுத் திணறல், வாந்தி, தலைவலி என்று ஜனங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். ஆயிரம், இரண்டாயிரம் பேர் அல்ல. ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்தியம் தேடி வந்தார்கள். சிலர் இறந்துபோனார்கள் என்று அந்த நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். கழிவினால் யாரும் சாகவில்லை என்று கம்பெனி மறுத்தது.

அதே ஆண்டில், கழிவில் என்ன இருக்கலாம், அதனால் உடம்புக்கு என்ன கெடுதல் வரலாம் என்று ஒரு விஞ்ஞானியிடம் அறிக்கை வாங்கியிருந்தார்கள் கம்பெனியின் ஆலோசகர்கள். கடுமையான கெடுதல் வரலாம் என்று அதில் இருந்தது. அது முதல் கட்டக் குறிப்புத்தான், முடிவான ஆராய்ச்சி அல்ல என்பது கம்பெனியின் பதில்.

லண்டன் 'கார்டியன்' பத்திரிகைக்கு அந்த அறிக்கை கிடைத்தது. உடனே, 2009-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி, கம்பெனி கோர்ட்டில் தடை வாங்கிவிட்டது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள ரகசியம் என்பது காரணம்.

சாதாரணத் தடை அல்ல அது. அறிக்கையையும் வெளியிடக் கூடாது. தடை இருக்கிறது என்பதையும் சொல்லக் கூடாது! அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தி, பொத்தியதையும் சொல்லாதே என்பது போல. இதற்கு இங்கிலாந்தில் வைத்த பெயர், 'சூப்பர் தடை உத்தரவு'.

அக்டோபர் மாதம் பார்லிமெண்டு உறுப்பினர் பால் பாரெலி இதைப் பற்றிக் கேள்வி கொடுத்தார். நாட்டின் பார்லிமெண்டில் கேட்கும் கேள்வி! அதைக்கூட அச்சிடக் கூடாது என்று வக்கீல்கள் பத்திரிகையை எச்சரித்தார்கள். அக்டோபர் 12-ந்தேதி 'கார்டியன்' தன் வாசகர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொன்னது: "பார்லிமெண்டில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை நாங்கள் எழுத முடியவில்லை. காரணத்தையும் சொல்ல முடியவில்லை."

போதாதா? சில மணி நேரத்தில் வாசகர்களே பார்லிமெண்டுக் கேள்விப் பட்டியலைத் தேடிப் பிடித்தார்கள். டுவிட்டர் முழுவதும் அதே பேச்சு. மறுநாளே வக்கீல்கள் இறங்கி வந்தார்கள். அந்த வாரத்துக்குள் அறிக்கையின் மீது இருந்த தடையும் போயிற்று.

அதே 2009-ம் ஆண்டில், அபிஜான் மக்கள் சுமார் 30 ஆயிரம் பேர் லண்டனில் தொடர்ந்த வழக்கில், 3 கோடி பவுன் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்குச் சுமார் ஆயிரம் பவுன் பங்கு.

கால்பந்து வீரரின் ரகசியத்தையும் டுவிட்டர்தான் உடைத்தது. கழிவு ரகசியத்தையும் அதே டுவிட்டர்தான் உடைத்தது. ஆனால் இரண்டும் ஒன்றா? முன்னதை அறியாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பின்னதை அறியாவிட்டால் ஓர் ஊரின் மூச்சுக்கே நஷ்டம்!

செங்கல்பட்டு ஜெயிலில் எழுதிய கதை

இந்தத் தராசு சீமையில் மட்டும்தான் உண்டா? நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் இதே தராசைப் பார்க்கலாம்.

ஆட்டோ சங்கரை நினைவிருக்கிறதா? 6 கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர். அவர் 1991-ம் ஆண்டில் செங்கல்பட்டு ஜெயிலில் தம் வாழ்க்கைக் கதையை எழுதினார். தமக்கும் சில போலீஸ் அதிகாரிகள், பெரிய உத்தியோகஸ்தர்கள் ஆகியோருக்கும் இருந்ததாகச் சொன்ன தொடர்பைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். 'நக்கீரன்' பத்திரிகை அதைத் தொடராக வெளியிட ஏற்பாடு செய்தது.

1994-ம் ஆண்டு ஜூன் மாதம், ஜெயில் இலாகாவின் தலைமை அதிகாரியிடம் இருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது. "இது சங்கர் எழுதியது அல்ல. வெளியிடுவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நடவடிக்கை எடுப்போம்" என்ற கருத்தில் எச்சரிக்கை. பத்திரிகையின் ஆசிரியர் நேரே டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

அக்டோபர் 7-ந்தேதி தீர்ப்பு. அதன் முக்கிய அம்சங்கள் இவை:-

தன் குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற விஷயங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. சம்மதம் இல்லாமல் அவற்றை எழுதக் கூடாது.

கோர்ட்டுத் தஸ்தாவேஜு போன்ற பொதுப் பதிவேட்டில் இருப்பதை எழுதலாம். ஆனால் கற்பழிப்பு, கடத்தல் போன்ற கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவளை மேலும் அவமானப்படுத்தக் கூடாது.

அரசாங்க ஊழியர் தம் உத்தியோகத்தில் செய்த காரியத்துக்கு அந்தரங்கம் என்று திரை போட முடியாது.

அச்சாகும் முன்பே பத்திரிகையைத் தடுக்க அரசாங்கத்துக்கும் அதிகாரிகளுக்கும் அதிகாரம் இல்லை. பொய் எழுதியிருந்தால், வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும்.

கொலைக் குற்றவாளியின் வீட்டு வாழ்க்கைக்கும் ஒரு கதவு உண்டு; ஆனால் பெரிய அதிகாரியின் உத்தியோக அறைக்கு அந்தக் கதவு கிடையாது! ஆளைப் பார்த்துப் பூட்டுவது அல்ல. உள்ளே இருக்கும் விஷயத்தைப் பார்த்துப் பூட்டுவதுதான் சட்டம்.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி, சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

பத்திரிகைக்காரனாகிய நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வம்புச் செய்தி விற்கும். அணைக்கட்டுச் செய்தியைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள், நடிகை வீட்டுச் சண்டையை நின்று படிப்பார்கள். ஆனால் விற்பதெல்லாம் பொதுநலன் ஆகிவிடாது. விற்காத செய்தி வேண்டாத செய்தியும் ஆகிவிடாது.

இன்று இது பத்திரிகைக்காரனின் பிரச்சினை மட்டும் அல்ல. உங்கள் கையில் இருக்கும் செல்போனும் ஓர் அச்சுக்கூடம்தான். வின்ட்சர் நகரத்து வேலையாள் திருட்டுத்தனமாக ஒற்றி எடுத்த வேலையை, இன்று ஒரு விரலால் செய்துவிடலாம். யாரோ ஒரு பெண்ணின் படம் வருகிறது. பக்கத்து வீட்டுச் சண்டை வருகிறது. அடுத்த நிமிஷம் அது நூறு பேரிடம் போய்விடுகிறது. அந்தப் பெண்ணிடம் 10 லட்சம் பவுன் இல்லை. அவளுக்காகத் தடை உத்தரவு வாங்க வக்கீலும் இல்லை. உங்கள் விரல்தான் அவளுடைய பூட்டு.

ஆகவே, அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தெரியாமல் போனால் யாருக்கு நஷ்டம்?"

"யாருக்கும் இல்லை" என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். "ஓர் ஊருக்கே நஷ்டம்" என்று பதில் வந்தால், உண்மைதானா என்று விசாரித்துவிட்டு, உரக்கச் சொல்லுங்கள். பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி!